முர்ஷிதா குடித்த காப்பி

ஜோர்தானில், ஸர்க்கா நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் மைசூனுக்கென்று தனி அறை உண்டு. கதவில் ‘முர்ஷிதா’ என்று எழுதியிருக்கும். பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்டு வழி சொல்கிற ஆலோசகர். உள்ளே காற்றுப் போன பந்துகள், கால் உடைந்த பெஞ்சு, விஞ்ஞானப் பாடத்துக்கு வாங்கி ஒரு கை தொலைந்துபோன எலும்புக்கூடு. மனம்விட்டுப் பேச வருகிற பிள்ளை முதலில் எலும்புக்கூட்டுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் உட்காரும்.

அப்படி வருகிறவர்களிடமும் மைசூன் முழுசாகப் பேசி முடித்ததாகச் சரித்திரம் இல்லை. கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் என்றால் அந்த வகுப்புக்கு மைசூன். அரபு டீச்சருக்குப் பிரசவம் என்றாலும் மைசூன். தலைமையாசிரியை இன்ஸாஃப் கதவில் தலையை மட்டும் நீட்டி, நீ சும்மாதானே இருக்கிறாய், ஆறாம் வகுப்பு கத்துகிறது, போ என்பார். எதிரே ஒரு பிள்ளை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாலும் அது சும்மா இருப்பதில்தான் சேரும். வருடக்கணக்காக இப்படிச் சும்மா இருந்து மைசூனுக்கு இடுப்புவலி வந்திருந்தது.

ஏழாம் வகுப்பு துஹா பல நாள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள். ஒருநாள் ஆள் இருந்தது. ரொட்டிக்கடை முனையில் பையன்கள் நிற்கிறார்கள், வீடுவரை பின்னாலேயே வருகிறார்கள், ஒருவன் பையைப் பிடித்து இழுத்தான் என்று சொன்னாள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மிஸ். சொன்னா என் பள்ளிக்கூடம் போச்சு.”

மைசூன் வீட்டுக்குச் சொல்லவில்லை. விதிப்படி தலைமையாசிரியையிடம் சொன்னாள். பள்ளி விடுகிற நேரம் காவலாளியைக் கடைமுனையில் நிறுத்தலாமே என்றாள். காவலாளிக்கு முட்டிவலி. இன்ஸாஃப் துஹாவின் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று டீ குடிக்கப் போனார்.

அப்பா அபூ நாயிஃப் கேஸ் சிலிண்டர் வண்டிக்காரர். வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வரும். வயசானவர்கள் வீட்டுக்கு மாடிவரை சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கிற நல்ல மனுஷன். அவருடைய யோசனை சுலபமானது. பெண் நடந்தால்தானே பின்னால் வருவான்? நடக்கவே வேண்டாம். மறுநாளிலிருந்து துஹாவின் இடம் காலி.

மைசூன் வீட்டுக்கே போய்க் கேட்பது என்று முடிவெடுத்தாள். பெண் கேட்கப் போகிற பெரியவர்களும், பகை தீர்க்கப் போகிற பெரியவர்களும் செய்வதைச் செய்வது. கொடுத்த காப்பியைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார்கள். கேட்டது கேட்டபடி கிடைத்தால்தான் குடிப்பார்கள். விருந்தாளி குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்குத்தான் அவமானம் என்பதால் யாரும் லேசில் மறுக்கமாட்டார்கள். ஆனால் அது மீசைக்காரர்கள் கூட்டமாகப் போய்ச் செய்கிற வேலை. ஒரு பெண் தனியாக, கைப்பையோடு போய்ச் செய்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடி முன்னால் தொண்டையைச் செருமிப் பேசிப் பழகினாள். புருஷன் எட்டிப் பார்த்து, “மீசை ஒண்ணுதான் குறையுது,” என்றான்.

அபூ நாயிஃபின் வீட்டில் துஹாவேதான் காப்பி கொண்டுவந்தாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா உள்வாசலில் நின்றாள். மைசூன் கோப்பையை வாங்கி முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. அபூ நாயிஃப் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வந்த சிரிப்பை மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“குடிங்க தங்கச்சி. நீங்க வந்த காரியம் முடிஞ்சாச்சு.”

மறுத்தால் என்ன பேசுவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். சம்மதித்தால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. கண் நிறைய, ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

“அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும். அப்ப நாளைக்கே அனுப்பிடுங்க.”

“எங்க?”

“பள்ளிக்கூடத்துக்கு.”

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். “நான் அடிச்சிருவேன்னு பயந்து வந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன். அவ மேல ஒரு கை படாது. அதுக்குத்தான் வாக்குக் குடுத்தேன்.” கொஞ்சம் வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார். “பள்ளிக்கூடம்னா அது வேற கோப்பை.”

வாயைத் திறந்து எதையும் கேட்காமலே குடித்துவிட்டோம் என்பது அப்போதுதான் மைசூனுக்கு உறைத்தது. மீசைக்காரர்கள் யாரும் செய்யாத தப்பு. தினமும் நானே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன் என்றாள். உங்களுக்கு நாளைக்கே வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் என்று அவர் கேட்டார். இன்னொரு கோப்பை ஊற்றச் சொல்லுங்கள் என்றாள். காப்பி தீர்ந்துவிட்டது என்றார். அடுப்படியிலிருந்து காப்பி கொதிக்கிற வாசனை கூடம் முழுக்க வந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் மறுபடி போனாள். கேஸ் வண்டி வாசலிலேயே நின்றது. துஹா கதவைத் திறந்தாள். முழங்கைவரை சோப்பு நுரை.

“அப்பா வீட்ல இல்ல மிஸ்.”

இருவரும் வண்டியைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காத மாதிரி உள்ளே போனார்கள்.

காப்பி வந்தது. மைசூன் கோப்பையை முன்னால் வைத்தாள். இந்தத் தடவை சிந்தவில்லை. உள்ளறையில் யாரோ இருமலை அடக்கினார். கூடத்து வெயில் சுவரேறி, மங்கி, போயே போய்விட்டது. எலும்புக்கூடு எப்படி இருக்கிறது என்று துஹா கேட்டாள். அதற்கு இன்னொரு கையும் போய்விட்டது என்றாள் மைசூன். துஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“குடிச்சிடுங்க மிஸ்,” என்றாள் துஹா, குரலைத் தாழ்த்தி. “அவரு வெளிய வரமாட்டாரு. நான் கோப்பையக் கழுவணும்.”

மைசூன் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. துஹா கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.