வெடிக்காத தோட்டாவும் பக்கத்தில் நின்றவரும்

இது நடந்து மூன்று வருடமாகிறது. பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில், ஒரு விளையாட்டரங்கின் நிலக்கீழ்த் தளத்தில், துப்பாக்கி சுடும் க்ளப் ஒன்று இருக்கிறது. பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்தரை மணியிருக்கும். எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் இன்றுவரை இதைச் சொன்னதில்லை.

ஐம்பத்தாறு வயதான யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குத் துப்பாக்கி க்ளப்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணவர் காலமாகி ஒரு வருடத்தில் மகனுக்குத் தூரத்துத் துலூஸ் நகரில் வேலை கிடைத்தது. பாரிஸின் ஸ்டாலின்கிராட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் ஜன்னலுக்கு நேரே ஓடும் மெட்ரோவும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போன் எடுப்பான். நான் தமிழில் கேட்பேன், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான், ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு வேலை ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில். மெஷின் இரைச்சலில் அங்கேயும் யாரும் யாரோடும் கதைக்க முடியாது.

அங்கே என்னோடு துணி மடிக்கும் போர்த்துக்கல் பெண் ஒருத்தி, தன் கணவர் போகும் க்ளப்பில் புதியவர்கள் சுட்டுப் பார்க்கலாம் என்று ஒருநாள் கூட்டிப்போனாள். சும்மா பார்க்கத்தான் போனேன். ஊரில் வெடிச் சத்தங்களையெல்லாம் தரையில் படுத்துக்கிடந்து கேட்டவள் நான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தச் சத்தத்துக்குப் பின்பக்கம் நின்றேன். நினைத்த அளவு பயம் வரவில்லை. ஐந்து தோட்டாவில் நான்கு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்காக யாராவது கை தட்டி எத்தனை வருடம் என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரமே சேர்ந்தேன். டாக்டர் சான்றிதழ், லிசென்ஸ், பாதுகாப்புப் பரீட்சை, பிரெஃபெக்சர் என்ற அரச அலுவலகத்தின் அனுமதி, வீட்டில் வைக்க ஒரு இரும்புப் பெட்டி என்று எல்லாம் முடித்துச் சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்க ஒன்றரை வருடம் பிடித்தது. சலவை வேலையில் என் மணிக்கட்டு கெட்டுப்போய் ஒருமுறை ஒப்பரேஷனும் செய்திருந்தார்கள். க்ளப்பின் கனமான பிஸ்டல்களை நீட்டிப் பிடித்தால் மூன்றாவது வெடியிலேயே கை நடுங்கும். அதனால் பெரும்பகுதி பிளாஸ்டிக்கில் செய்த ஒன்றைத் தேடி எடுத்தேன். வெறுமையாக அரைக் கிலோவும் வராது. அதில் போடுவது இருபத்திரண்டு மாக்னம் என்று சொல்லும் மெல்லிய நீளத் தோட்டா. கையை அவ்வளவாக உதைக்காது, ஆனால் சத்தம் பெரியது. குழாய் வாயில் நெருப்பும் பளிச்சென்று தெரியும். “இவ்வளவு சின்ன மதாமுக்கு இவ்வளவு பெரிய சத்தமா?” என்று க்ளப்பில் பகிடி பண்ணுவார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சத்தம்தான் பிடித்திருந்தது. நான் சுட்டால் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

ரயிலில் பியர்ஃபித் புறநகர்ப் பக்கம் போகும் எங்கள் ஆட்களைக் கண்டால் பிஸ்டல் கொண்டுபோகும் சின்னப் பெட்டியை மடியில் வைத்து மேலே சால்வையைப் போட்டுக்கொள்வேன். “எங்கை அக்கா இந்தக் குளிருக்கை?” என்று கேட்பார்கள். தையல் வகுப்பு என்பேன். தனியாக இருக்கும் பெண் துப்பாக்கி வைத்திருக்கிறாள் என்று ஒரு கடையில் தெரிந்தால் போதும், பின்னேரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

க்ளப்பில் பெரும்பாலும் எனக்கு ஒரே இடம், கடைசிக்கு முந்தியது. எனக்கு வலப்பக்கம், கடைசி இடத்தில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நிற்பார். எங்களைப் போன்ற நிறம், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, சுத்தமான பிரெஞ்சு. மொரீஷியஸ்காரர் என்று நானாக முடிவு செய்திருந்தேன். வரும்போது “போன்ஷூர் மதாம்”, போகும்போது “நல்ல வார இறுதி.” இரண்டு வருடத்தில் வேறு ஒரு சொல் கிடையாது. வெடிச் சத்தத்தை அடைத்துப் பேச்சை மட்டும் கேட்க விடும் காதுமூடி ஒன்று வாங்கியிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் தங்களுக்குள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவரோடு யாரும் கதைத்துக் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஐந்து தோட்டா போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவில்லை.

இந்த வகைத் தோட்டாவில் பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் சுற்றிவர இருக்கும். ஊசி அடித்த இடத்தில் மருந்து குறைவாக இருந்தால் இப்படி ஆகும். அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். பிஸ்டலை முன்னாலேயே நீட்டிப் பிடித்தபடி அரை நிமிடம் காத்திருக்கவேண்டும், ஏனென்றால் சில வேளை பிந்தி வெடிக்கும். பரீட்சையில் இதை எழுதி முழுப் புள்ளி வாங்கியவள் நான். ஆனால் அன்றைக்கு என்ன நினைத்தேனோ, பிஸ்டலில் ஏதோ இறுகிவிட்டது என்று எண்ணி, அதன் பக்கவாட்டைப் பார்க்க உடம்போடு வலப்பக்கம் திரும்பினேன். இடது கை மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கப் போனது. விரல் இன்னும் விசையில்.

“அம்மா, துப்பாக்கிய முன்னாடி திருப்புங்க. வெரல வெளிய எடுங்க.”

கடைசி இடத்துக்காரர்தான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவு திறந்திருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். தமிழில். பிரெஞ்சில் சொல்லியிருந்தால் மதாம் என்றதற்குத் திரும்பி, என்ன என்று இன்னொருமுறை கேட்டிருப்பேன். தமிழ் என்றபடியால் மூளைக்குப் போகமுதலே கை கேட்டது. முன்னால் திருப்பிய பிறகுதான், இவ்வளவு நேரமும் குழாய் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று விளங்கியது. அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானை.

“அப்படியே புடிங்க. அவசரமில்ல. நான் எண்றேன்.”

முப்பது வரை தமிழில் எண்ணினார். பிறகு தோட்டாக்கூட்டை எடுக்கச் சொன்னார், உள்ளே இருந்த தோட்டாவைக் கீழே விழவைக்கச் சொன்னார், பிஸ்டலை மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

கண்காணிப்பாளர் மறுகோடியில் ஒரு புதியவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. அதைக் கவனித்ததும் எனக்கு முதலில் வந்த புத்தியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உயிர் தப்பி நின்ற மனிதரிடம் நான் பேசிய முதல் தமிழ் இதுதான்.

“அண்ணை, இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. லிசென்ஸைப் பறிச்சுப் போடுவினம். எனக்கு இதை விட்டால் வேறை ஒண்டுமில்லை.”

அவருடைய முகமும் வெளிறித்தான் இருந்தது.

“மறைச்சுட்டு அடுத்த வாரம் பக்கத்துல நிக்க என்னால முடியாதும்மா. நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் கூட வர்றேன்.”

கண்காணிப்பாளர் நின்ற மறுகோடிக்கு இருபத்தைந்து எட்டுகூட இராது. அன்றைக்கு அது முடியவே இல்லை. கண்காணிப்பாளரிடம் பிரெஞ்சில், வினைச்சொல்லெல்லாம் பிழைக்கப் பிழைக்க, நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் இடத்துக்கு வந்து, கீழே கிடந்த தோட்டாவை எடுத்து அடிவிளிம்பில் பட்டிருந்த மெல்லிய அடையாளத்தைக் காட்டினார். பிறகு என் பிஸ்டலில் அதே தோட்டாவைக் கொஞ்சம் சுழற்றிப் போட்டு, எங்களைப் பின்னால் நிறுத்திவிட்டு, இலக்கை நோக்கிச் சுட்டார்.

வெடித்தது.

நான் விரும்பிய அதே சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதம் க்ளப்புக்கு வரக்கூடாது, அதன்பின் பாதுகாப்புப் பரீட்சையை மறுபடி எழுதவேண்டும் என்று பதிவேட்டில் எழுதினார்கள். நியாயம்தான். கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு கடதாசிக் கோப்பையோடு நின்றார்.

“நான் தமிழ் எண்டு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“குறி தப்பினா ‘சனியன்’னு சொல்வீங்க. மொத மாசமே தெரியும்.”

“பிறகேன் ஒரு நாளும் கதைக்கேல்லை?”

கோப்பையைக் கையில் சுற்றினார். “லா சப்பல்ல ஒரு கடையில உங்களப் பாத்தேன். முருங்கைக்கா எடுத்துட்டிருந்தேன். வணக்கம் சொல்லலாம்னு கிட்ட வந்தேன். நீங்க என்னப் பாத்ததும் அரிசி மூட்டைக்குப் பின்னாடி போயிட்டீங்க. சரி, இந்தம்மாவுக்கு நம்ம ஆளுங்க சகவாசம் வேணாம் போல, அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வர்றாங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்.”

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒளிந்தது உண்மை. க்ளப்பைப் பற்றி அவர் கடைக்காரருக்கு முன்னால் ஏதாவது கேட்டுவிடுவார் என்று பயந்து ஒளிந்தேன். அவர் போகும்வரை அரிசியின் விலையை வாசித்துக்கொண்டு நின்றேன். ஒருவருடைய முகத்தில் அது எப்படிப் படும் என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

“பிழை என்னிலைதான், அண்ணை,” என்றேன்.

“என் மேலயும்தான். திரும்ப ஒரு தடவ கேட்டிருக்கலாம்.”

அவர் புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருடம். வீட்டில் தமிழ் பேச ஆளில்லை, போனில் தங்கையோடு மட்டும். சனிக்கிழமை காலை யாரோடும் பேசாமல் இருப்பது ஒழுங்காகத் தெரியும் இடம் இது ஒன்றுதான் என்றார். பேசாமல் இருப்பது ஒழுங்காகத் தெரியும் இடம். நானும் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தேன், ஆனால் எனக்கு அதைச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

தடை இருந்த மூன்று மாதமும் சனிக்கிழமைகளில் அவர் ரயில் ஏறமுதல் கார் து நோர் பக்கம் ஒரு கடையில் தேநீர் குடித்தோம். கால் மணி நேரம். என் தமிழில் பாதி அவருக்கு விளங்காது, அவர் தமிழுக்கு இடையில் வரும் பிரெஞ்சு எனக்கு விளங்கும். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன், “தனியவோ போறனீங்கள் அம்மா?” என்று தமிழில் கேட்டான். அன்று நாற்பது நிமிடம் கதைத்தோம். அதற்கடுத்த ஞாயிறு பழையபடி ஏழு நிமிடம்.

பரீட்சை எழுதித் திரும்பப் போனேன். வெடிக்கும்போது யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று இப்போது கவனிப்பதில்லை. அந்த இலையுதிர் காலத்தில் அவர் போர்தோ நகரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். முழங்கால் வருத்தம், தனியாகப் படியேற முடியவில்லை. முதலில் மாதம் ஒருமுறை போன் எடுத்தார். பிறகு பெருநாட்களுக்கு மட்டும். கடைசி இடத்தில் இப்போது ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு ஆட்கள் நிற்கிறார்கள்.

எனக்கு அடிக்கடி வருவது அந்தக் குழாய் அவருடைய நெஞ்சைப் பார்த்த நினைவு. அதற்கு அடுத்ததாக வருவது ஒரு கணக்கு: இரண்டு வருடம் கை எட்டும் தூரத்தில் பேசாமல் நின்றோம், நேரில் பேசிய காலம் ஏழு மாதம். அதனால் லா சப்பல் கடைகளிலோ ரயிலிலோ எங்கள் நிறத்தில் ஒருவர் தனியாக நிற்கக் கண்டால், அவர் அதை விரும்பித்தான் நிற்கிறார் என்று நான் இப்போது முடிவு கட்டுவதில்லை; பதில் வராமல் போனாலும் பரவாயில்லை என்று முதலில் நானே வணக்கம் சொல்லிவிடுகிறேன்.