இரண்டு மிதவைகள்

மாடல் ஒட்டும் பசையின் மூடியை இன்று மாலை திறந்ததும், கும்மிடிப்பூண்டியில் நாங்கள் இருந்த தொழிற்சாலைக் குடியிருப்பின் எட்டாம் எண் வீடு நினைவில் வந்துவிட்டது. அங்கே இப்போது கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள்.

அங்கே இருந்தபோது ஒரு மாதம் முழுக்க நைனாவுக்கு இரண்டாம் ஷிப்ட், ஞாயிறும் ஓவர்டைம். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் தூங்குவார்; அவர் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். ஓடுபாதை இல்லாத காட்டு ஊர்களுக்குப் பறந்து ஏரியில் இறங்கும் பழைய விமானம் ஒன்றின் மாதிரியை ஜன்னலோரம் வைத்து, மாலையில் ஒரு துண்டு நானும், ஷிப்ட் முடிந்து வந்து ஒரு துண்டு அவருமாக, ஒருவரையொருவர் பார்க்காமலே ஒட்டிவந்தோம்.

ஒருநாள், விமானம் தண்ணீரில் நிற்க அதன் அடியில் பொருத்தும் இரண்டு மிதவைகளில் ஒன்றை வேண்டுமென்றே முன்பின்னாகத் திருப்பி ஒட்டினேன். திட்டுவதற்காகவாவது நைனா என்னை எழுப்புவார் என்று நினைத்தேன்.

"இன்னாடி, பிளேன் ரிவர்ஸ்லயே போவுமா?" என்று அம்மா சிரித்தாள்.

காலையில் நானாகத்தான் விழித்தேன். பக்கத்தில் அவருடைய குறட்டை. இரண்டாவது மிதவையும் முன்பின்னாகவே, பிசிறெல்லாம் தேய்த்து, அத்தனை நேராக ஒட்டப்பட்டிருந்தது.

"தப்புன்னு சொன்னேன்டி. 'என் பொண்ணு ஒட்னா கரீட்டாத்தான் இருக்கும், நீ சும்மா கெட'ன்னுட்டாரு," என்றாள் அம்மா.

ஏழரைக்குப் பள்ளி பஸ். நானும் அவரை எழுப்பவில்லை.