பையை வைத்துவிட்டு வா

“புகை வந்தா என்ன ஆவும்?” என்று கேட்டேன். முதல் நாள், முதல் கேள்வி.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் கையைத் தூக்கிக்கொண்டே எழுந்தான். “சம்பளம் வரும் மாமா.”

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பாவுக்கு செராமிக் கம்பெனியில் சூளை வேலை. “சூளை எரியலன்னாதான் மாமா அவங்க வூட்ல பயப்படுவாங்க” என்று பக்கத்தில் இருந்தவன் விளக்கம் சொன்னான். தீ வந்தால் எப்படி வெளியே வருவது என்பது அப்புறம். தீ என்றால் கெட்டது என்பதையே இந்தப் பிள்ளைகளுக்கு நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

நான் வாத்தியார் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, கேட்டைத் திறந்து மூடுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, இதுதான் அந்தப் பள்ளியில் என் வேலை. அதனால் பிள்ளைகளுக்கு நான் சார் இல்லை, மாமா. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கத்தில், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள சின்னத் தனியார் பள்ளி அது. அதன் தாளாளர் ஒரு காலத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நான் நின்றுவிட்டேன், அவன் படித்தான். திருப்பூர், சூரத், சென்னை என்று சுற்றிவிட்டு, மாற்றிக்கொள்ள ஒரு சட்டையோடு நான் ஜங்ஷனில் வந்து இறங்கியபோது, “இனிமே எங்கயும் போவாத, இங்கயே கெட” என்று அவன்தான் வேலை கொடுத்தான். பள்ளியிலேயே ஓர் ஓரத்தில் படுத்துக்கொள்ள இடமும் கொடுத்தான். நாலு பேர் முன்னால் அவனை சார் என்பேன். தனியாக இருந்தால் டா.

பள்ளிக்குத் தீயணைப்புச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டிவந்தது. பிள்ளைகளுக்கு டிரில் தெரிந்திருக்க வேண்டும்.

“நீ மால்ல செக்யூரிட்டியா இருந்தவன்தான? இந்த டிரில்லு கிரில்லு எல்லாம் உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்டா. ஆனா கத்துக்குடுக்கறதுன்னா நல்லா கத்துக்குடுப்பேன். போட்டோவுக்கு நிக்க வைக்க மாட்டேன்.”

“ஐயோ, வாத்தியாரு வந்துட்டாரு” என்று கும்பிட்டுச் சிரித்தான்.

மாலில் கற்றதைவிட சூரத்தில் கற்றதுதான் அதிகம். அங்கே சாயப்பட்டறையின் மாடியிலேயே தங்கியிருந்தோம். தீப்பிடித்தது பட்டப்பகலில். எல்லோரும் இறங்கிவிட்டோம். என் பக்கத்துப் பாயில் படுக்கும் ஒடிசாக்காரன் ஒருவன் பையை எடுக்கத் திரும்ப மேலே போனான். அந்தப் பையில் ஒரு போர்வையும், தம்பிக்கு வாங்கிய ஒரு சட்டையும் இருந்தன. சட்டை வாங்க நான்தான் கூடப் போனேன், அதனால் தெரியும். அவன் இறங்கி வரவில்லை.

ஆகவே நான் வைத்த முதல் விதி பை. மணி அடித்தால் பை, டிபன் பாக்ஸ், செருப்பு, எதையும் தொடக்கூடாது. இரண்டாவது, முன்னால் நிற்பவர் தோளில் கை. மூன்றாவது, ஓடக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. பின்பக்கக் கேட் வழியாக வெளியே போய்ப் புங்கமரத்தடியில் நிற்க வேண்டும்.

பாடவேளைக்கு அடிக்கும் பித்தளை மணி வேண்டாம் என்று, ஒரு தண்டவாளத் துண்டை வராண்டாவில் கட்டித் தொங்கவிட்டேன். இரும்புக் கம்பியால் அடித்தால் பல்லுக்குள் வந்து கேட்கும். ஒரு தடவை கேட்டவர்கள் வேறு மணியோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

முதல் பழக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எதையோ கைக்குள் மூடிக்கொண்டு வந்தாள். திறக்கச் சொன்னேன். பீங்கான் வாத்து. அவள் அம்மா செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். ஒரு கண் எழுதிய பிறகு கழுத்தில் கீறல் தெரிந்ததால் கழித்துப்போட்ட வாத்து. இன்னொரு பக்கம் கண் இல்லை. அது எப்போதும் அவளுடைய டெஸ்க்குக்குள்ளேயே இருக்கும். எழுதும்போது மட்டும் எடுத்து வைத்துக்கொள்வாள்.

“வாத்த வச்சிட்டு வரணும் பாப்பா.”

“எரிஞ்சிடும் மாமா.”

“அது சூளைல வெந்துதான வந்துச்சு? தீயில அதுக்கு ஒண்ணும் ஆவாது.”

வாத்தைக் கையில் திருப்பிப் பார்த்தாள். “அப்ப நான்தான் எரிவேனா?”

“ஆமா.”

அடுத்த முறை வாத்து இல்லாமல் வந்தாள். ஆனால் வரிசையில் நின்றுகொண்டே இன்னொன்று கேட்டாள். “இது நெஜமா, பொய்யா?”

அதற்கும் ஒரு விதி செய்தேன். பழகுவதற்கு அடிப்பதாக இருந்தால் முந்தின நாளே வகுப்புக்கு வந்து சொல்லிவிடுவேன். சொல்லாமல் அடித்தால் நிஜம். எல்லா வகுப்பிலும் இதைச் சொன்னேன். தாளாளரிடமும் சொன்னேன். “அதைக் கெடுத்துடாத, அதுலதான் எல்லாம் இருக்குது” என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. சரி சரி என்று தலையாட்டினான்.

பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றார்கள். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சரிடம், “பேனாவ வைங்க மிஸ், மணி அடிக்குதுல்ல” என்று அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார்கள். எந்த ஊரிலும் நான் செய்த வேலை நான் போன பிறகு மிஞ்சியதில்லை. இது மிஞ்சும் என்று நினைத்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது ஒரு பேச்சு கிளம்பியது. பள்ளிக் கட்டடத்தை டைல்ஸ் குடோனுக்குக் கொடுத்தாகிவிட்டது, பிள்ளைகளை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாளாளருக்கு இருக்கும் இன்னொரு கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று. அந்தப் பக்கத்துக்கு ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். இந்தப் பக்கத்துப் பெற்றோர் பாதிப் பேர் ஷிப்டுக்குப் போகிறவர்கள்; பிள்ளைகளை நடந்துதான் அனுப்புகிறார்கள். அவர்கள் திரண்டு வந்து முன் கேட்டில் நின்றார்கள். வாத்துக்காரியின் அம்மா முன்னால் இருந்தார்.

“சார், கேட்டு போட்டா எங்க புள்ளைங்க அடில பூந்து போவும். நீங்க வந்து புடிப்பீங்களா? முழுப்பரிட்ச முடியட்டும். அதுவரைக்கும் ஒரு பெஞ்சு இங்கேருந்து நவுரக்கூடாது.”

“யாரும்மா நவுத்தறாங்க? வருசம் முடியற வரைக்கும் இங்கதான். வேணும்னா இவனையே கேளுங்க” என்று என் தோளில் கையைப் போட்டான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் சொன்னால் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனாலும் அவர்கள் நம்பவில்லை. தினமும் இரண்டு மூன்று பேராவது ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து முன் கேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் இருக்கும்வரை யாரும் கட்டடத்தைப் பூட்ட முடியாது என்பது அவர்கள் கணக்கு.

ஒரு புதன்கிழமை, இரண்டாவது பாடவேளையில், தண்டவாளம் அடித்தது. நான் மோட்டார் அறையில் இருந்தேன். முந்தின நாள் நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். வராண்டாவில் கம்பியோடு தாளாளர் நின்றான்.

“கிச்சன்ல கேஸ் லீக்காவுது. பசங்கள வெளிய எடு. எடு, எடு!”

நான் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்களே வந்துகொண்டிருந்தார்கள். தோளில் கை, கையில் ஒன்றும் இல்லை, சத்தம் இல்லை. நிஜம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சின்னப் பையன் வாயை மூடிக்கொண்டே அழுதான், ஆனால் வரிசையை விடவில்லை. வாத்துக்காரி என்னைக் கடக்கும்போது வெறும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

பின்பக்கம் புங்கமரத்தடியில் வேன்கள் நின்றன. எங்கள் வேனும், வேறு வேன்களும். “வெடிச்சா இங்கயும் அடிக்கும்டா, ஏத்து” என்றான் தாளாளர். ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துத் தூக்கி நானே ஏற்றினேன். முன் கேட்டில் உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவு அமைதி.

வேன் ரயில்வே கேட்டைத் தாண்டியபோதும் எனக்குச் சந்தேகம் தோன்றவில்லை. நல்ல தூரத்துக்குக் கொண்டுபோகிறான் என்றுதான் நினைத்தேன். அந்தக் கட்டடத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தன. ஒவ்வொரு கதவிலும் வகுப்பின் பெயர் ஒட்டியிருந்தது. கரும்பலகையில் அன்றைய தேதி ஏற்கெனவே எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

அவன் அறையில் போய் நின்றேன்.

“கேஸ்னு சொன்னியேடா.”

“உக்காரு. தண்ணி குடி.”

“கேஸ்னு சொன்னியே.”

“போலீஸ வச்சி கேட்ல உக்காந்திருக்கறவங்கள எழுப்பியிருந்தா பசங்க எப்படிக் கத்தியிருக்கும்? இப்ப ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? ஒருத்தன் வுழுந்தானா? எல்லாம் நீ கத்துக்குடுத்ததுடா. நெஜமாவே சொல்றேன், அசந்துட்டேன்.”

பாராட்டுகிறான் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

“இதுக்குத்தான் என்னைக் கத்துக்குடுக்கச் சொன்னியா?”

அதற்கு மட்டும் அவன் உண்மையாக யோசித்துப் பதில் சொன்னான். “இல்லடா. மொதல்ல சர்டிபிகேட்டுக்குத்தான். அப்புறம் நீ பண்றத வராண்டாலேருந்து பாத்துக்கிட்டே இருந்தனா, அப்பதான் தோணுச்சி.”

மத்தியானத்துக்குள் அம்மாக்கள் ஓடிவந்துவிட்டார்கள். தாளாளரிடம் கத்தினார்கள், அழுதார்கள், சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள். வாத்துக்காரியின் அம்மா கத்தவில்லை. என்னிடம் வந்தார். கம்பெனியிலிருந்து நேராக வந்தவர். விரலில் கறுப்புச் சாயம் அப்படியே இருந்தது.

“வேன்ல ஏத்துனது நீதானண்ணே?”

“ஆமாம்மா. கேஸ்னு சொன்னாங்க.”

“எங்களுக்கு ஒரு சத்தம் குடுத்துருக்கலாம்ல? எங்காளுங்க அங்கதான கெடந்தாங்க, கேட்டாண்ட.”

அவ்வளவுதான் கேட்டார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேஸ் என்பது நிஜமாக இருந்திருந்தால் அவரே என்னைக் கும்பிட்டிருப்பார் என்று அன்று முழுவதும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

பைகளைப் பிறகு மூட்டையாகக் கட்டி அனுப்பினார்கள். டெஸ்க்குக்குள் இருந்தவை வரவில்லை. வாத்தைத் தேடிப் பழைய கட்டடத்துக்குப் போனேன். அறைகளில் டைல்ஸ் பெட்டிகள் மோட்டுவரை அடுக்கியிருந்தார்கள். டெஸ்க்குகளைக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று என்று காவலுக்கு இருந்தவர் சொன்னார். அந்தக் கடைக்கும் போனேன். இல்லை.

வழக்கமாக இப்படி ஏதாவது நடந்தால் நான் ரயிலேறிவிடுவேன். விருத்தாசலத்தில் அது சுலபம், எந்தப் பக்கத்துக்கும் வண்டி உண்டு. இந்த முறையும் பையைக் கட்டினேன். கட்டிய பையை அப்படியே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தண்டவாளத் துண்டு புதுக் கட்டடத்துக்கும் வந்துவிட்டிருந்தது. அதை அவன் கையில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். விதிப்படி முந்தின நாளே ஒவ்வொரு வகுப்புக்கும் போய்ச் சொன்னேன். மறுநாள் மணி அடித்தேன்.

ஒருவரும் உடனே எழவில்லை. முதலில் பைகளை எடுத்தார்கள். டிபன் பாக்ஸை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்கள். இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்ட பிறகுதான் வரிசையில் நின்றார்கள். முன்னால் இருப்பவர் தோளில் கை வைக்கப் பை இடித்தது. வாசலுக்கு வந்ததும் பைகள் ஒன்றோடொன்று சிக்கி வரிசை நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். புகை இருந்திருந்தால் அந்த வாசலிலேயே முடிந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

“என்னாங்க இது, ஊருக்குக் கெளம்பற மாதிரி? பைய எடுக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்கலியா?” என்றார் வந்தவர்.

“குடுத்துருக்குது சார்” என்று தாளாளர் என்னைப் பார்த்தான்.

வாத்துக்காரி இப்போது மூன்றாம் வகுப்பு. வாசலில் சிக்கியிருந்தவள் அங்கிருந்தே சொன்னாள். “மாமா நல்லாத்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க. அன்னிக்கி வச்சிட்டுதான் வந்தோம். தீயே இல்ல. அப்பறம் உள்ளயே வுடல.”

“பசங்க ஏதாவது சொல்லிக்கிட்டு இருக்கும், வாங்க சார், டீ சாப்பிடலாம்” என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இன்னொரு தடவை சரியாகச் செய்து காட்டினால்தான் கையெழுத்து என்று அவர் போகும்போது சொன்னது கேட்டது.

நான் வாசலுக்குப் போனேன். பையை வைத்துவிட்டு வா என்று சொல்ல வேண்டும். அந்த ஒடிசாக்காரனைப் பற்றி அவர்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேன் எங்க மாமா நிக்குது?”

“வேன் இல்ல பாப்பா. இன்னிக்கி வேன் இல்ல.”

என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தெருவில் வேன் இல்லை என்று அவளே பார்த்த பிறகும் பை வாரை விடவில்லை. சிக்கியிருந்த பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியே, கேட்டை ஒட்டிய காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக ஆணி அடித்தேன். மேலே பழைய தகரத்தை மழைக்கு மறைப்பாக வைத்துக் கட்டினேன். பை அங்கேயே தொங்கட்டும். வேண்டிய புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும். நம்பச் சொல்லி இனிமேல் என்னால் கேட்க முடியாது. வாசலையாவது காலியாக வைக்கலாம்.

தாளாளர் கணக்குப் பார்க்க வந்தவன் சுவரைப் பார்த்தான். பள்ளியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

“என்னடா, செவுறு பூரா ஓட்டை போட்டு வச்சிருக்க?”

“பைக்கு, சார்” என்றேன்.

‘சார்’ என்றதும் ஒரு மாதிரி பார்த்தான். சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். நான் அடுத்த ஆணியை எடுத்தேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் ஆளுக்கொரு ஆணி பிடித்தார்கள். வாத்துக்காரி எதிலும் மாட்டாமல் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தாள். திரும்பி வந்து, அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்த ஆணியில் மாட்டியிருந்தவனிடம் சண்டை போட்டு அதை வாங்கினாள். பையை மாட்டி, பலமாக இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.