வேகப்பூட்டு இல்லாத வண்டி

வேன் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது. "அதிகபட்சம் எவ்வளவு வேகத்துல ஓட்டியிருக்கீங்க?" கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இருபது வருஷத்துக்கு மேலாகத் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறார். கடைசி இருக்கையில் ஒரு பெண் தினமும் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டே வருவாள்; ஒருநாளும் கோடு விலகியதில்லை. கிளட்சை அப்படி அலுங்காமல் விடும் இடது கால் அக்காவுக்கு. வலது காலுக்குத்தான் வாழ்க்கையில் வேலையே வரவில்லை. வேனில் வேகப்பூட்டு உண்டு. குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டால் எஞ்சின் மூச்சை அடக்கிக்கொள்ளும், அதற்கு மேல் என்ன மிதித்தாலும் நகராது. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினால் என்ன ஆகும் என்பது ஐம்பதை நெருங்கும் அக்காவுக்குத் தெரியவே தெரியாது.

அவருடைய தம்பி மெக்கானிக். வீட்டை ஒட்டி ஒரு ஷெட், அதில் இரண்டு ஜாக்கி, ஒரு ரேடியோ, உயிருக்கு உயிரான ஒரு டர்போ கார். கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் நடக்கும் போட்டிகளில் அதை ஓட்டுவார். போன போட்டியில் எஞ்சின் அலறியது, அதன் சுற்றைக் காட்டும் முள் மேலே பறந்தது, வேகம் மட்டும் வரவில்லை. கிளட்ச் பிடிக்காமல் வழுக்கியிருந்தது.

"ஊரே திரும்பிப் பார்த்துச்சு, கார் மட்டும் நகரலை" என்று அக்கா ஒரு வாரம் கிண்டல் செய்தார்.

"கிளட்ச் பழசுக்கா."

"பழசு இல்லடா. நீ வறுத்துட்டே."

அடுத்த போட்டிக்கு முன் எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. இறுக்கிப் பிடிக்கும் புது கிளட்ச், எடை குறைந்த புது ஃபிளைவீல். தொழிற்சாலைக்கு அந்த வாரம் பராமரிப்பு விடுமுறை. அக்கா ஷெட்டிலேயே குடியிருந்தார். கியர்பாக்ஸை இறக்கும்போது ஒரு முனையைத் தாங்கினார். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சக்கரமான பழைய ஃபிளைவீலை, பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது. புதியதை ஒரே கையில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஏந்தினார்.

"இவ்வளவு லேசா? இது தாங்குமா?"

"தாங்கும். லேசா இருந்தாத்தான் எஞ்சின் சட்டுனு ஏறும், சட்டுனு இறங்கும். அக்கா, கிளட்ச் பிளேட்டைத் தொடாதே! கை எல்லாம் கிரீஸ்!"

அக்கா சமையலறைக்கு ஓடிப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார்.

எல்லாம் பூட்டி, சாவியைத் திருப்பினார்கள். எஞ்சின் உயிர்பெற்றது. கூடவே, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு கடகடப்பு. தம்பியின் முகம் வெளுத்தது. இந்தச் சத்தத்தோடு வரும் கார்களைப் பிரித்துப் போட்டே பிழைப்பு நடத்துகிறவர் அவர்.

அக்கா உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். சத்தம் நின்றது. விட்டார், வந்தது.

"மிதிச்சா நிக்குது, விட்டா வருதுடா. உடைஞ்சிருந்தா இப்படிச் சொன்ன பேச்சு கேட்குமா?"

"தெரியும்கா. பழைய வீலுக்குள்ள ஸ்பிரிங் இருந்துச்சு, அது சத்தத்தை முழுங்கிடும். இதுல இல்ல. இது இப்படித்தான் பேசும்."

"அப்புறம் என்ன?"

"மூளைக்குத் தெரியுது. காதுக்குத் தெரியலையே!"

காது ஜெயித்தது. தம்பி மறுநாள் முழுக்க கியர்பாக்ஸை மறுபடியும் இறக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் தடவிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்ப ஏற்றினார். அதற்குள் வாசலில் வாடிக்கையாளர்களின் கார்கள் வரிசை கட்டிவிட்டன. போட்டியோ ஞாயிற்றுக்கிழமை. புது கிளட்சை அப்படியே பந்தயத்தில் இறக்கவும் முடியாது. ஊருக்குள் மெதுவாக, நின்று நின்று, ஆயிரம் தடவை கியர் மாற்றி ஓட்டிப் பழக்க வேண்டும். இப்போதே விரட்டினால் பிளேட் கருகிப் போகும்.

"நான் ஓட்டிப் பழக்கறேன்" என்றார் அக்கா. "ஆனா ஞாயித்துக்கிழமை நான்தான் ஓட்டுவேன்."

தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அக்கா, அது வேன் இல்ல."

"தெரியும். வேனா இருந்தா உன்கிட்ட எதுக்குடா கேட்கப்போறேன்?"

வேறு வழியில்லை. தம்பி தலையை ஆட்டினார்.

முதல் நாளே மானம் போனது. சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் ஒரு குதி குதித்து அணைந்தது. லேசான சக்கரம், கொஞ்சம் கால் தவறினாலும் எஞ்சின் படுத்துவிடும். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். பக்கத்து லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"என்னம்மா, கத்துக்கறீங்களா?"

"ஆமாண்ணே, இன்னைக்குத்தான் சேர்ந்தேன்!"

மதியத்துக்குள் கிளட்ச் எங்கே கவ்வுகிறது என்று இடது கால் கண்டுபிடித்துவிட்டது. பிறகு ஊரைச் சல்லடையாகச் சலித்தார். காய்கறி வாங்க, கரண்ட் பில் கட்ட, மகளைக் கல்லூரியில் விட என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். ஒரு நாள் பக்கத்தில் ஒரு பையன் காரை உறுமவிட்டுச் சவால் விட்டான்.

"அம்மா, விடும்மா! அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆகட்டும்!" என்று மகள் துள்ளினாள்.

அக்காவின் வலது கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கியரில் ஊர்ந்தார். மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு காலை, ஓடுபாதை. வரிசையில் கார் நிற்கிறது. பக்கத்தில் தம்பி, தலையில் ஹெல்மெட்டோடு.

"கழட்டு."

"பழக்க தோஷம்கா. முதல் ரவுண்டு மட்டும் நான் ஒரு..."

"டேய்."

ஹெல்மெட் கை மாறியது.

கொடி இறங்கியது. இடது கால் அளவாக விலகியது. ஒரு இம்மியும் வழுக்காமல் கிளட்ச் கவ்வ, இருக்கை முதுகில் வந்து அறைந்தது. இரண்டாவது கியர். மூன்றாவது. முள்ளும் வேகமும் கைகோத்து ஏறின. அப்புறம், எஞ்சின் இன்னும் வேகம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அக்காவின் வலது கால் தானாக மேலே எழும்பிவிட்டது. வேனில் பூட்டு விழும் அதே வேகம். வருஷக் கணக்கில் பழகிய கால், இல்லாத பூட்டுக்குப் பணிந்துவிட்டது.

திரும்பி வந்ததும் தம்பி ஓடி வந்தார். "என்னாச்சு? கிளட்ச் விட்டுடுச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் விட்டுட்டேன். இன்னொரு தடவை போறேன்."

"அக்கா, அடுத்து என் முறை..."

கார் ஏற்கெனவே வரிசைக்குப் போய்விட்டது.

இரண்டாவது கொடி. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த வேகம் வந்தது. கால் கொஞ்சம் தயங்கியது. அக்கா ஹெல்மெட்டுக்குள் ஏதோ கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. ஆக்சிலேட்டர் தரையைத் தொட்டது. கார் முன்னே பாய்ந்தது. நான்காவது கியர் விழுந்தது, பிறகும் பாய்ந்தது. வேலியோரம் நின்றவர்கள் ஒரே வண்ணக் கோடாகிப் பின்னால் போனார்கள்.

தம்பி மூச்சிரைக்க வந்து ஜன்னலைத் தட்டினார். "அக்கா! போர்டுல வேகம் பார்த்தியா?"

"பார்க்க யாருக்குடா நேரம் இருந்துச்சு?" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஸ்டியரிங்கை மறுபடியும் வரிசைப் பக்கம் ஒடித்தார்.