தையல் அறையில் பூவாடைக்காரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பிளவுஸ் அளவு சரியில்லை என்று யாராவது முகத்தைச் சுளித்தால், துணியை அவர்கள் மடியிலேயே விட்டெறிந்துவிடுவேன். இந்தக் குணத்தோடு கள்ளக்குறிச்சியில் பத்து வருடமாக வீட்டிலேயே தைத்துப் பிழைக்கிறேன் என்றால் அது என் கைத்தையலின் புண்ணியம். ஆனால் கோபப்பட்டே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் தங்கையைக் கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். நிலபுலன் உள்ள குடும்பம், கரும்பும் மரவள்ளியும் போடுவார்கள். புருஷன் அடிப்பான். குடித்துவிட்டு அடித்தால் பழியைக் குடியின் மேல் போடலாம். இவன் காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு அடிப்பான். இரண்டு முறை அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஒருமுறை காதிலிருந்து வடிந்த ரத்தம் ஜாக்கெட் தோளில் காய்ந்திருந்தது. இரண்டு முறையும் நானே நல்ல வார்த்தை சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டேன். மூன்றாம் முறை அவள் வரவில்லை. அவள் தலையைச் சுவரில் மோதி உடைத்துவிட்டான். பாத்ரூமில் வழுக்கி விழுந்து செத்ததாகப் போலீஸில் எழுதினார்கள். பேத்தி அந்த வீட்டில்தானே வளர வேண்டும் என்று பயந்து எங்கள் அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கை குழந்தைக்கு அப்போது ஐந்து வயது.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவள் பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வீட்டுத் தெய்வம். எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் பம்பை மேளம் அடித்து அவளை அழைத்து, புதுப்புடவை வைத்துக் கும்பிட்டு, உத்தரவு கேட்க வேண்டும். அழைத்தால் அங்கிருக்கிற யார் மேலாவது வந்து பேசுவாள். ஆனால் கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக்குத்தான் தெய்வம். கொன்றவன் வீட்டுக்கே அவள் காவல் இருக்க வேண்டும். இந்த வழக்கத்தை உண்டாக்கியவர் யாரோ, கையில் கிடைத்தால் கத்தரிக்கோலாலேயே குத்துவேன்.

வழக்கம் கிடக்கட்டும் என்று என் தையல் அறை அலமாரியில் லைனிங் துணி வைக்கும் தட்டை ஒழித்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்து ஓர் அகல் வைத்தேன். அவளுடையது என்று வைக்க என்னிடம் ஒரு பொருள்கூட இல்லை, எல்லாம் அந்த வீட்டில் கிடந்தன. வெள்ளிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வெறும் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

"அவங்க வூட்டு சாமிய நீ எப்டி கும்புடுவ? ஏதாவது ஆயிடப் போவுது" என்றார் என் புருஷன். மனிதர் நல்லவர்தான். அன்று ஒரு தம்ளர் அவர் காதை உரசிக்கொண்டு பறந்தது.

வருஷம் திரும்புவதற்குள் தங்கை புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசினார்கள். உத்தரவு கேட்க நாள் குறித்து, பிறந்த வீட்டுப் புடவை வைக்க என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். கிணற்றடியில் அவள் வந்து இறங்குகிற செம்பை ஜோடித்துக் கூடத்தில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய கூறைப்புடவை. பம்பைக்காரர் ஒரு மணி நேரம் அடித்தும் யார் மேலும் அவள் வரவில்லை. அவனுடைய அம்மா கொஞ்ச நேரம் தலையை ஆட்டிப் பார்த்தாள். பம்பைக்காரரே அதை நம்பவில்லை. அவன் ஈரவேட்டியோடு கைகூப்பி நின்றுகொண்டு, "உத்தரவு குடு தாயே" என்று கண்ணை மூடினான். குழந்தை தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அருள் வரவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டுப் பொய் சொல்லக் கூடாது. வந்தது கோபம். கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டு அவன் மேல் பாய்ந்தேன். முதல் அறையிலேயே அவன் உதடு கிழிந்தது. செம்பில் செருகியிருந்த வேப்பங்கொத்தை உருவி, அது நார்நாராகப் போகும்வரை முகத்தில் அடித்தேன். பிறகு அவன் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினேன். மறுபடியும் மோதினேன். நெற்றி பிளந்து ரத்தம் விபூதியோடு குழைந்து இறங்கியது. கூடம் நிறைய ஆள், ஒருவரும் தடுக்கவில்லை. தெய்வத்தை யார் தடுப்பார்கள்? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இல்லை.

"வந்தது அவதானான்னு பாத்துடலாம்" என்று பம்பைக்காரர் என் உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். தோல் பொசுங்கும் வாசனை எனக்கே வந்தது. கையை இழுக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவன் என் காலில் விழுந்தான்.

"நாந்தான் அடிச்சிக் கொன்னுட்டேன் தாயே. என்னைய வுட்டுடு."

அவனுடைய அம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு வந்தாள். "இன்னா வேணும் கேளு தாயே. இந்த வூட்ல எத கேட்டாலும் குடுத்துடறோம்."

"நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன். என் செம்பையும் கூறைப்புடவையும் எங்கக்காகிட்ட குடுத்து அனுப்பு" என்றேன்.

மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார்கள். செம்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கை எரிந்துகொண்டே இருந்தது, ஆனாலும் ஊரை ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தத் தட்டில் புடவையை மடித்து வைத்து, அதன் மேல் செம்பை வைத்தேன். பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அதன் முன்னால் உட்கார்ந்து, அவன் நெற்றி பிளந்ததை அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவனுக்குக் கல்யாணமும் ஆனது. அவள் அங்கே இல்லை, எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

முழுப்பரீட்சை லீவுக்குக் குழந்தையை இரண்டு நாள் என் வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிப்பாட்டும்போது பார்த்தேன், முதுகில் பெல்ட் தடம் இருந்தது. யார் என்று கேட்டதற்கு, "அப்பா" என்றது. சாதாரணமாகச் சொன்னது. தலை துவட்டி, பாவாடை கட்டித் தையல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புடவை ஓரத்தைத் தொட்டுப் பார்த்தது.

"எங்கம்மா இங்கதான் இருக்குதா, பெரிம்மா?"

"ஆமாம்மா."

செம்பை விரலால் காட்டியது.

"அன்னிக்கு செம்ப கேட்டுச்சி, பொடவைய கேட்டுச்சி. என்னைய ஏன் கேக்கல?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட மறுத்திருக்க மாட்டார்கள். எனக்குத் தோன்றவே இல்லை.