ஜீப்பின் இடப்பக்க சீட்டு

வெற்றிவேல் காட்டு வழியாகவே பன்னிரண்டு நாள் ஜீப்பில் போகப்போகிறானாம், பக்கத்து சீட்டில் வெல்டிங்கார அருண்ராஜாம். ஜமுனாமரத்தூர் சந்தையில் பேசிக்கொண்டதைப் படவேட்டிலிருந்து என் தங்கை கல்பனா போனில் சொன்னாள். தோஹாவில் வேலையிலிருக்கும் நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். அந்த சீட்டு என்னுடையது.

வெற்றிவேல் என்னோடு படித்தவன். பஸ் எட்டாத மலையூர்களுக்கு அவன் ஜீப்தான் பஸ். ஏறும்போது ரேஷன் அரிசி, இறங்கும்போது புளி மூட்டை, அவசரமென்றால் பிரசவ வலியோடு ஒரு பெண். எந்த மழைக்கு எந்தச் சரிவு கரையும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஆம்பூரைத் தாண்டி ஓட்டியதில்லை. லாரிக்காரர்களிடம் விசாரித்து அஞ்செட்டி, பர்கூர், தாளவாடி என்று காலண்டர் தாள்களின் பின்பக்கம் வழி எழுதி எனக்குப் படம் அனுப்புவான். நான் மேப் பார்த்துத் திருத்துவேன்.

"உன் போன்ல ரோடு கீது, சரி. பாலம் கீதா?" என்பான்.

நாங்கள் இருவரும் போவதற்கு ஆறு வருடமாக இப்படித் திட்டம். புளி உலுக்கி முடிந்து, சாமை விதைப்பதற்குள், மே மாதத்தில் போய்வர வேண்டும் அவனுக்கு. எனக்கு லீவு டிசம்பரில். மாற்றிக் கேட்டால் வேலைக்கே ஆபத்தோ என்று மேனேஜரிடம் நான் வாயே திறந்ததில்லை.

கல்பனா போனை வைத்ததும் வெற்றிவேலைக் கூப்பிட்டேன்.

"அருண்ராஜுக்கு இன்னாடா தெரியும் அந்த வழி?"

"ஒண்ணும் தெரியாது. வெல்டிங் தெரியும். எட்டு நாளு கூடவே நின்னு மேல கேரியர் அடிச்சிக் குடுத்தான். நீ அனுப்பன டார்ச்சு கூட அவன்கிட்டதான் கீது."

டார்ச்சையுமா?

"நான் வந்தா?"

"ஆறு வருசமா வந்துனுதான் கீற" என்று சிரித்தான். "திங்கக்கெழம கெளம்புறோம். பின்னாடி முழுக்க சாமான், ஒரே சீட்டுதான். வியாழன் சாயந்திரம் வரைக்கும் அவனுக்கு முடிவா சொல்லமாட்டேன். லீவு கெடச்சா கூப்புடு."

இரண்டு நாள் மேனேஜர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். புதன்கிழமை வெற்றிவேலின் ஸ்டேட்டஸில் ஒரு படம்: இடப்பக்க சீட்டில் கால்மேல் கால் போட்டு அருண்ராஜ், கையில் அந்தக் காலண்டர் தாள்கள். நான் திருத்திய தாள்கள்.

வியாழன் மதியம் உள்ளே போய்க் கேட்டேவிட்டேன். மேனேஜர் தலை நிமிரவில்லை. "எத்தனை நாள்?" பதினைந்து என்றேன். "போய்ட்டு வாங்க."

அவ்வளவுதான். இதற்கா ஆறு வருடம்?

வேலை முடிந்ததும் வெற்றிவேலைக் கூப்பிடுகிறேன். இப்போது ஊரில் மணி ஆறரை. ரிங் போகிறது, அப்படியென்றால் டவர் உள்ள இடத்தில்தான் இருக்கிறான். பக்கத்தில் எவன் உட்கார்ந்திருக்கிறானோ. முதல் முறை எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.