ஹோம் தியேட்டரை அளக்கப் போன இடங்களில்

ஹோம் தியேட்டரை விற்பவர் ஒருவர், சுவரில் மாட்டுபவர் இன்னொருவர். சரியாகக் கேட்கவில்லை என்றதும் திட்டு வாங்கிக்கொள்ள மூன்றாவதாகப் போகிறவன் நான். வீட்டில் அது இருப்பவர்களுக்கும் பக்கத்து வீட்டில் இருப்பதால் அவதிப்படுகிறவர்களுக்கும் என் பாடு புரியும்.

மூன்று விசில்

நாம் உட்காரும் இடத்தில் ஒரு மைக்கை நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சோதனைச் சத்தம் விட்டு அளப்பதுதான் என் வேலை. அந்தச் சத்தம் உறுமலில் தொடங்கி ‘ஊய்ய்’ என்று உச்சத்தில் போய் முடியும். நாகல் நகரில் ஒரு வீட்டில் மூன்று ஸ்பீக்கர் முடித்து நான்காவதற்குப் போனபோது கதவு தட்டப்பட்டது. கையில் கரண்டியோடு பக்கத்து வீட்டு அம்மா.

“மூணு விசில் வந்துருச்சேன்னு அடுப்ப அமத்திட்டேன். தொறந்து பாத்தா பருப்பு அப்பிடியே கெடக்கு. ஒங்க பொட்டியில இன்னும் எத்தன விசில் பாக்கி இருக்கு, சொல்லுப்பா.”

சேலைக்கு நல்ல காது

சின்னாளபட்டியில் ஒரு சேலை வியாபாரி வீடு. டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக ஹால் இருந்தால் எதிரொலி பிய்த்து எடுக்கும். பாதி நாள் அதோடுதான் மல்லுக்கட்டுவேன். அங்கே மைக்கை வைத்ததும் எனக்கே நம்ப முடியவில்லை, அப்படி ஒரு சுத்தமான சத்தம். அரை மணியில் வேலையை முடித்து, நல்ல பெயரும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தீபாவளி முடிந்த வாரமே போன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறதாம். போய்ப் பார்த்தால், மூன்று சுவரிலும் கூரைவரை அடுக்கியிருந்த சுங்குடிச் சேலைகள் அத்தனையும் விற்றுப்போயிருந்தன. சத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது அவைதான் என்று விளக்கினேன். அவர் காலி அலமாரிகளைக் கையால் காட்டினார்.

“அப்ப வியாபாரம் நல்லா நடந்தா படம் பாக்கக் கூடாது, படம் நல்லாருந்தா வியாபாரம் படுத்துருச்சுன்னு அர்த்தம். அப்படித்தானே?”

வலது பக்கம்

வடமதுரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர். வருஷக்கணக்காகத் தானே டிராக்டர் ஓட்டி விவசாயம் பார்த்தவர். வலது ஸ்பீக்கர் மட்டும் மங்கலாகக் கேட்கிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் கோபத்தில் இருந்தார். மூன்று முறை அளந்தேன். இரண்டும் ஒரே அளவு.

சந்தேகம் வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் திரைக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னேன். இப்போது இடது ஸ்பீக்கர் மங்கிவிட்டது என்றார். சொன்னவர் அப்படியே நிறுத்தி, வலது காதைத் தொட்டுப் பார்த்தார். அவர் மனைவி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருடைய காதில் குறை கண்டுபிடிக்கவா வந்தோம் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. காது டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்தவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோபமாக இருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“ஒரு நட வந்து சவுண்டக் கொறச்சு வச்சிட்டுப் போ அப்பு. காதுல மிசினு மாட்டுனதுல இருந்து எல்லாம் கேக்குது. இவ இம்புட்டு வருசமா என்ன சொல்லிக்கிட்டு இருந்தான்னு இப்பத்தான் தெரியுது.”

இத்தனை வருஷத்தில் நான் திருத்திய ஸ்பீக்கர்களை எண்ணிவிடலாம், நன்றாகக் கேட்கட்டும் என்று நகர்த்திப் போட்ட சோபாக்களுக்குத்தான் கணக்கே கிடையாது.